இரண்டாவது ஹெல்மெட்

ஹெல்மெட்டின் உள்பஞ்சில் ஒரு நீள முடி ஒட்டிக்கொண்டிருந்தது. தையற்காரி அதை இரண்டு விரலால் எடுத்துத் தன் முடியோடு சேர்த்துப் பார்த்தாள். அவளுடையது சுருட்டை. இது நேராக இருந்தது.

கணவனின் பைக் கொக்கியில் இந்த இரண்டாவது ஹெல்மெட் போன வாரம்தான் முளைத்தது. "யாருக்குங்க இது?" என்று வந்த அன்றே கேட்டாள்.

"கம்பெனி விஷயம், உனக்குப் புரியாது" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். கம்பெனிக்குக் கூந்தல் வளர்ந்த கதையை அவள் இதுவரை கேட்டதில்லை.

அளவெடுத்தே பழகிய கை சும்மா இருக்குமா? முடி கிடைத்த அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவன் குளிக்கும் நேரம் பார்த்து, தாடைப் பட்டையை டேப் வைத்து அளந்தாள். திங்கள் பதினோரு அங்குலம், செவ்வாய் பதிமூன்றரை, புதன் பன்னிரண்டு.

"ஒருத்தின்னு நினைச்சேன், மூணு பேரு போலிருக்கேக்கா!" என்றாள், ஜாக்கெட் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம். சிரித்தபடிதான் ஆரம்பித்தாள், முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

பதினோரு வருஷமாக அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறவள். போன வருஷம் வேகத்தடை தூக்கிப்போட்டு மண்டை உடைந்தபோதுகூட, "தையற்காரிக்கே நாலு தையல்" என்று ஜோக்கடித்து அவனைத் தேற்றியவள். அவளுக்கா இந்தத் துரோகம்?

வியாழக்கிழமை கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, ஷிப்டு முடியும் நேரத்துக்கு அவன் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலுக்கே போய் நின்றாள்.

உள்ளேயிருந்து பைக் வந்தது. பின்னால், அந்த ஹெல்மெட்டுக்குள் ஒரு தலை. தையற்காரி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

வாசலைத் தாண்டி வண்டி நின்றது. இறங்கிய ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினால், பளபளவென்று வழுக்கை. ஸ்டோர் கீப்பர்!

"வாங்கம்மா! உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்" என்றார் அவர். "ஷெட்லேருந்து கேட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர். தினம் ஒருத்தரை ஏத்திட்டு வந்து விடுறாரு. திங்கக்கிழமை பேக்கிங் பொண்ணு, அடுத்த நாள் கேன்டீன் மாஸ்டர், நேத்து எங்க கிளார்க்கு. கேட்டுக்குள்ள இப்போ கம்பெனி புது ரூல் ஆச்சே, பின்னால உக்கார்றவங்க ஹெல்மெட் போடலைன்னா ஓட்டுறவருக்கு மெமோ!"

நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் போனதும் முடி, டேப், அளவு எல்லாவற்றையும் கணவனிடம் கொட்டிவிட்டாள்.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பைத்தியம்! ஏறு, வீட்டுக்குப் போலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்காக இரண்டு கையையும் நீட்டினாள். அவன் அதைப் பைக் கொக்கியில் மாட்டிப் பூட்டினான்.

"எனக்குத் தரலையா?"

தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமில்லை, கள்ளமில்லை. நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது.

"உனக்கெதுக்கு? அதான் கேட்டைத் தாண்டியாச்சே!"