சம்பந்திக்கு மான்கறி

"காத்து எதுத்தாப்புல அடிக்கிற பக்கமா நாம பதுங்கணும் சம்பந்தி. அப்பத்தான் மானுக்கு நம்ம வாடை தெரியாது" என்று நரிக்குடி ஞானையா வேட்டைத் திட்டத்தை விளக்க, மதுரையிலிருந்து வந்திருந்த சம்பந்தி தேவசகாயம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு எடத்துல?"

"கம்மாய்க்கு மேக்க எங்க பெரியப்பா மகன் காடு. ஒருத்தரும் கேக்க மாட்டாக. நானும் வேட்டைக்காரப் பயலுக நாலு பேரும் போறோம். நாளைக்கு மத்தியானம் நீங்க சாப்பிட உக்காந்தா போதும்."

சொன்னபடியே மறுநாள் கறி மணத்தது. "ஆட்டுக்கறியெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியுமா?" என்ற தேவசகாயம், இலையைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்: 'சம்பந்தி அடிச்ச மான்.' ஞானையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலமே வனத்துறை ஜீப் வந்து நின்றது.

"மானை அடிச்சா ஜெயிலு, தெரியுமா?" என்றார் ரேஞ்சர்.

சம்பந்தி முன்னால் மானம் போனாலும் போகட்டும் என்று ஞானையா துணிந்தார்.

"சார், நான் கோழியக்கூட அறுத்ததில்ல. அது ஆட்டுக்கறி. திருச்சுழி முத்துராஜ் கடையில வாங்குனது."

தேவசகாயத்தின் முகம் சுருங்கியது. ரேஞ்சர் ஞானையாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேராகக் கறிக்கடைக்குப் போனார்.

முத்துராஜ் ஞானையாவையும் ரேஞ்சரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவுகளா? எங்கிட்ட கறியே வாங்கலையே சார். வேணும்னா சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேன்."

ஞானையா அப்படியே கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். முத்துராஜ் அவரைத் தூக்கிவிடுவதுபோலக் குனிந்து காதோரம் சொன்னான்:

"பயப்படாதீக அண்ணே. யாரு கேட்டாலும் வாங்கலன்னு சொல்லச் சொன்னீகள்ல? உசுரே போனாலும் மாத்திச் சொல்ல மாட்டேன்."