மாஸ்டர் எடுத்த அளவு

"ஏம்மா, வாரம் மூணு தடவை வரணும். போன வாரம் வந்தது ஒரே தடவை. மனுஷன் போய்ச் சேரட்டும்னு வேண்டுதலா?"

டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் ஊசி குத்தினால் வலிக்காது. அதனால் யாரும் அவரிடம் கோபித்துக்கொள்வதில்லை.

தையல்காரரின் மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்ன தம்பி பண்றது? கிளம்புங்கன்னா கிளம்ப மாட்டேங்கிறார். பிடிச்ச பிடிதான்."

சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றியதும், தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். கடையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. டேப் மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பாப்பா நிக்கிறா, மிதிச்சுடப் போறீங்க."

கட்டிலுக்குப் பக்கத்தில் துடைத்து ஈரம் காயாத தரைதான் இருந்தது. ஆனாலும் டெக்னீஷியன் ஓர் அடி தள்ளித்தான் நின்றார்.

"நேரா நில்லும்மா. தோள் பதினாலு."

மனைவி சட்டென்று பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினாள். கடையில் இருபது வருஷம் அவர் அளவு சொல்ல, இவள்தான் எழுதியவள்.

"கை பதினெட்டு. கவுன் உயரம் முப்பத்தெட்டு. ஏய், சிரிக்காதே, அளவு தப்பிடும்."

தையல்காரர் டேப்பின் மேல் நுனியைக் காற்றில்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த இடத்தில் யாரோ மூச்சு விடுவது போல, அவர் விரல் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

"யாரும்மா அது?" என்றார் டெக்னீஷியன், தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தி.

"எங்க பொண்ணு. அஞ்சு வருஷம் முன்னாடி காய்ச்சல்ல போயிட்டா. அப்ப ஒன்பது வயசு."

"கிட்னி வேலை செய்யாம கழிவெல்லாம் ரத்தத்துலேயே தங்கினா மூளை குழம்பும்மா. இல்லாத ஆள் தெரியும். இப்படியே நாள் தள்ளினீங்கன்னா ஒருநாள் இதயம் சட்டுனு நின்னுடும். இதுல நீங்க வேற நோட்டு எழுதி ஒத்து ஊதறீங்க!"

"அவர் மனசு நோகக் கூடாதேன்னுதான் தம்பி."

இப்படிப்பட்ட மனைவி கிடைத்தும் இந்த மனுஷன் படுத்துகிறாரே என்று டெக்னீஷியன் எரிச்சலோடு மெஷினை ஓடவிட்டார்.

நாலு மணி நேரம் கழித்துத் தையல்காரர் கண் விழித்தார். பார்வை தெளிந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்துத் தரையைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இதுதான் சமயம் என்று டெக்னீஷியன் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், வரமாட்டேன்னு அடம் பிடிக்கலாமா? அம்மா என்ன பாடு படறாங்க, பாருங்க!"

"அடமா? நான் ஆறு மணிக்கே சட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் தம்பி. மெஷின் ரிப்பேர், இன்னிக்கு வர வேண்டாம்னு நீங்க போன் பண்ணினதா இவதானே சொன்னா?"

"நானா? நான் ஒருநாளும் போன் பண்ணலையே!"

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனியவில்லை. நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"என் கண்ணுக்கு அவ ஒரு தடவைகூடத் தெரியல தம்பி. இவர் அளவு சொல்லச் சொல்லத்தான் அவ எவ்வளவு வளர்ந்திருக்கான்னு எனக்குத் தெரியுது. நீங்க நாலு மணி நேரத்துல எல்லாத்தையும் கழுவி அனுப்பிடறீங்க. வீட்டுக்குப் போனா வெறும் சுவருதான்."

கணவரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இவரும் வேணும், அவளும் வேணும். ரத்தத்தைப் பாதி மட்டும் சுத்தம் பண்ண முடியாதா தம்பி?"