வாயில் வந்த நட்சத்திரம்

"பிள்ளைக்கு மெயில் வந்திட்டுதோ, நிரூபா?"

காலங்காத்தாலே இந்தக் கேள்வியோடு தொலைபேசியில் வந்தவள் ஏழாம் மாடிக் கஜனி. நேற்றும் இதே கேள்விதான். முந்தாநாள் லிஃப்டில் வைத்துக் கேட்டாள். அதற்கு முதல்நாள் கீழே லோண்ட்ரி அறையில், ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

"இன்னும் இல்லை, கஜனி. வந்தால் சொல்லுவன்தானே," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் நான்காம் மாடி நிரூபா.

நிரூபாவின் மகள் தனுசியா நர்சிங் படிக்க விண்ணப்பித்திருந்தாள். பல்கலைக்கழகம் இடம் தருகிறோம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முடிவை ஒத்திவைத்திருக்கிறோம், அடுத்த சுற்றில் பார்ப்போம் என்று ஒரு மெயிலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது. அன்றிலிருந்து நிரூபாவுக்குச் சோறு இறங்கவில்லை. கஜனியின் மகன் ஜதுர்சனுக்கோ அதே பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் கிடைத்து இரண்டு மாதமாகிறது.

"விடுப்புக் கேக்கிறதுக்கும், அடுத்த வீட்டுக் கதையைக் கிண்டுறதுக்கும் ஒரு அளவில்லையோ? தன்ர மகனுக்குக் கிடைச்சிட்டுது, என்ர மகளுக்குக் கிடைக்கேல்லை எண்டதை ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்தினால்தான் அவவுக்குத் தேத்தண்ணி செமிக்கும்," என்று கணவன் ராகுலனிடம் பொரிந்தாள்.

"அக்கறையிலை கேக்கிறாவோ தெரியாது," என்றான் ராகுலன், பாணுக்குப் பட்டர் பூசியபடி.

"அக்கறையோ! நேற்று நான் திருப்பிக் கேட்டன், ஜதுர்சன் அக்செப்ட் பண்ணியாச்சோ எண்டு. பண்ணுவான், பண்ணுவான் எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டா. அவனுக்கு ஸ்கொலர்ஷிப்பும் கிடைச்சிருக்கும். அதை நான் கேட்டுப்போடுவன் எண்ட பயம்."

இத்தனைக்கும் இடம் கிடைக்காதவள் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சில்! டிஃபேர் எண்டா நோ இல்லை. கிடைக்காட்டி வேற யூனி இருக்கு. ஐ ஆம் ஃபைன்."

பிள்ளைக்கு எவ்வளவு மனத்தைரியம் என்று நினைக்க நிரூபாவுக்குக் கண் கலங்கியது. துக்கத்தை மறைக்கத்தான் சிரிக்கிறாள் என்று தானே முடிவுகட்டி, அவளுக்கு இன்னொரு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் கஜனி ஒரு படி மேலே போனாள்.

"நிரூபா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளையின்ர நட்சத்திரம் என்ன?"

நிரூபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெயிலைக் கேட்டாள், பொறுத்தாயிற்று. நட்சத்திரம் எதற்கு? யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுத்து ஏதும் செய்வித்துவிட்டால்? மகளின் ரோகிணியை அப்படியே விழுங்கிக்கொண்டு, வாயில் முதலில் வந்ததைச் சொன்னாள்.

"மூலம்."

"ஆ... மூலமோ," என்று இழுத்துவிட்டுக் கஜனி போனை வைத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற ராகுலன் தலையில் கை வைத்தான். "உமக்குப் பொய் சொல்ல வேற நட்சத்திரம் கிடைக்கேல்லையோ? மூலத்திலை பிறந்த பொம்பிளைப்பிள்ளை மாமனாரின்ர உயிருக்கு ஆகாதெண்டு சனம் சொல்லும். இந்தக் கதை எங்கட ஸ்காபரோ ஊர் முழுக்கப் பரவினால் நாளைக்கு ஆர் பொம்பிளை கேட்டு வருவினம்?"

"அது பத்து வருசத்துக்குப் பிறகு பாக்கிற விசயம். இப்ப எனக்குக் கண்ணூறு நாவூறுதான் பயம்."

வெள்ளிக்கிழமையும் வந்தது. மெயில் வரவில்லை. இனிப் பிள்ளையாரை விட்டால் ஆளில்லை என்று, வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து நிரூபா கோயிலுக்குப் போனாள். சந்நிதியில் அவளுக்கு முன்னால், அர்ச்சனைத் தட்டோடு கஜனி நின்றாள்.

இங்கேயும் வந்து மெயிலைக் கேட்டுவிடுவாளோ என்று பயந்து நிரூபா தூணோடு ஒதுங்கினாள்.

"பேர், நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"தனுசியா. மூல நட்சத்திரம்."

நிரூபாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"மற்றது?"

"சஞ்சீவன். சதய நட்சத்திரம். ஆயுசுக்கு, ஐயா. கொஞ்சம் பெரிசாச் செய்யுங்கோ."

சஞ்சீவன் கஜனியின் கணவர். லிஃப்ட் பழுதான அன்று இரண்டு தோளிலும் அரிசிப் பையோடு ஏழு மாடி ஏறியவர். ஆனால் நிரூபா அதை யோசிக்கிற நிலையில் இல்லை. தூணை விட்டு வெளியே வந்தாள்.

"கஜனி! என்ர பிள்ளையின்ர பேரிலை நீங்கள் ஏன் அர்ச்சனை செய்யிறியள்?"

கஜனி திடுக்கிட்டுத் திரும்பினாள். பிடிபட்டுவிட்டோம் என்றதும் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

"வேற என்ன செய்யச் சொல்லுறியள், நிரூபா? உங்கட மகளுக்கு மெயில் வராமல், தான் அக்செப்ட் பண்ண மாட்டனெண்டு நிக்கிறான் ஜதுர்சன். அவ எந்த யூனியோ, தானும் அந்த யூனிதானாம். திங்கட்கிழமையோட டெட்லைன் முடியுது. நானும் வெக்கத்தை விட்டு நாளுக்கு நாள் உங்களைக் கேட்டுக் கேட்டு..."

சோபாச் சிரிப்பின் அர்த்தம் நிரூபாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பொரித்துக் கொடுத்த முட்டைகளை நினைக்க வயிறு எரிந்தது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பிள்ளையாரைப் பார்த்தாள். அவர் உதவிக்கு வரவில்லை. பேச்சை மாற்ற ஒன்றுதான் அகப்பட்டது.

"அது கிடக்கட்டும். சஞ்சீவன் அண்ணைக்கு என்ன, உடம்புக்கு ஏதும் வருத்தமோ?"

"இன்னும் ஒண்டுமில்லை," என்று கஜனி மூக்கை உறிஞ்சினாள். "வரப்போற மருமகளுக்கு மூலமெண்டு நீங்கள் சொன்ன நாளிலையிருந்துதான் அவருக்கும் சேர்த்துச் செய்யிறன்."