அவர் மட்டும் சாப்பிட்டார்

மனைவிக்கு வைத்த பாதி சாண்ட்விச்சும் இப்போது அவர் பக்கம்தான் இருந்தது. அந்த அம்மாளின் முன்னால் வெறும் தண்ணீர் டம்ளர்.

அந்தக் காபிக் கடை திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சுவரில் பெயிண்ட் நெடி இன்னும் போகவில்லை. உருகும் வெண்ணெயின் மணமும் காபி மணமும் அதோடு மல்லுக்கு நின்றன. இருவராக வருகிறவர்களுக்கு எதையும் சரிபாதியாக வெட்டி, ஆளுக்கொரு தட்டில் வைக்க வேண்டும் என்பது முதலாளியம்மாள் செய்திருந்த ஏற்பாடு. பரிமாறுகிற பெண்ணும் அப்படித்தான் வைத்துவிட்டு வந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு தட்டுகளும் ஒரே பக்கம் போய்விட்டன.

கடையில் எல்லாரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். இதற்கு முன் பார்த்த வேலையை அந்த வாயாலேயே தொலைத்தவள். "வந்தவங்க ஒருத்தர் முகம் சுளிச்சாலும் மறுநாள் நீ வர வேண்டாம்" என்று முதலாளியம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆனால் கண்ணைக் கட்டிக்கொள்ள முடியவில்லை. அந்த அம்மாள் மெலிந்துபோயிருந்தாள். விரலில் மோதிரம் நிற்பதற்காக உள்பக்கம் நூல் சுற்றியிருந்தது. கணவரோ ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு, விழுங்கவே மனமில்லாதவர் போல மென்றுகொண்டிருந்தார். சர்க்கரைக் கிண்ணத்தில் ஒரு போன் அவரைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. சாப்பிடும்போதும் படம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"பஞ்சு மாதிரி இருக்கு. நீயும்தான் இத்தனை வருஷமா ரொட்டி சுடுற. சுவத்துல அடிச்சா சுவருக்குத்தான் வலிக்கும்."

அந்த அம்மாள் சிரித்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"இப்ப என்னைத் திட்டினீங்களே, அதை."

அவர் போனைப் பார்த்து, இன்னும் விஸ்தாரமாகத் திட்டினார். அந்த அம்மாள் மோவாயில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

வாயாடியின் அம்மாவும் இப்படித்தான். அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகு மிஞ்சியதைத்தான் தின்பாள். மிஞ்சாத நாளில் அவர் திட்டியதை நினைத்துச் சிரித்துக்கொண்டே படுத்துவிடுவாள்.

உள்ளே போய் முதலாளியம்மாளிடம் முறையிட்டாள். "அக்கா, அந்த மனுஷன் அந்தம்மாவுக்கு ஒரு வாய்கூட விடலை. கேக், பன், சாண்ட்விச்னு எல்லாம் அவர் வயித்துக்குள்ளதான் போகுது."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். உனக்கு எதுக்கு? காபியைக் கொண்டு போ."

"கடவுளே, இன்னிக்கு ஒரு நாள் என் வாயைக் கட்டிடு" என்று வேண்டிக்கொண்டுதான் தட்டை எடுத்தாள். அப்போது அலமாரியில் இருந்த பாதாம் பேஸ்ட்ரி அவள் கண்ணில் பட்டது. வேலை செய்கிறவர்களுக்கு நாளுக்கு ஒன்று உண்டு. இன்றைய பங்கை அம்மாவுக்கு என்று எடுத்து வைத்திருந்தாள். பசித்தவளுக்குக் கொடுத்தால் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று தோன்றியது.

காபியை அவருக்கு வைத்தாள். பேஸ்ட்ரியை அந்த அம்மாளின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்களுக்கு மட்டும்மா. என்னோட பங்கு. நீங்கதான் சாப்பிடணும்."

அந்த அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. பிறகு தட்டை மெதுவாகக் கணவர் பக்கம் தள்ளினாள்.

"பாதாமாம். இதையும் சாப்பிட்டுப் பாருங்க."

அவர் உடனே ஸ்பூனை எடுத்தார்.

அவ்வளவுதான், கடவுள் கட்டிய கட்டு அவிழ்ந்துவிட்டது.

"ஐயா, நானும் நீங்க வந்ததுலேருந்து பார்த்துட்டே இருக்கேன். அந்தம்மா உடம்பைப் பாருங்க, எலும்பும் தோலுமா இருக்காங்க. அவங்க பங்கு, என் பங்கு எல்லாம் உங்களுக்கேவா? கடவுள் வயித்தை உங்களுக்கு மட்டுந்தான் வச்சாரா?"

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. முதலாளியம்மாள் கல்லாவை விட்டு ஓடி வந்தாள்.

"ஏய், ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பு. மன்னிச்சிடுங்க சார், இவ இனிமே இங்க இருக்க மாட்டா."

அவர் ஸ்பூனை வைத்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. "பொண்ணு சரியாத்தான் கேக்குது" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

அந்த அம்மாள் எழுந்து, வாயாடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவளை அனுப்பாதீங்க. இவளை அனுப்பினா அந்தப் பாவம் எங்களுக்குத்தான். முன்னபின்ன தெரியாத எனக்காகச் சண்டை போட்ட பொண்ணு."

வாயாடிக்கு இன்னும் ஆறவில்லை. "அப்புறம் ஏம்மா எல்லாத்தையும் அவருக்கே தள்ளுறீங்க?" என்றாள்.

அந்த அம்மாள் ஸ்பூனை எடுத்து மறுபடியும் கணவர் கையில் வைத்தாள். அவர் முதல் வாயை மென்று முடிக்கும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன்ல இவர் நாக்கை எடுக்கறாங்கம்மா."