துண்டில் நின்ற மல்லி

"இந்த வாசனைய யாருக்குக் கலந்து குடுக்கறீங்க பாய்? அவ பேர மட்டும் சொல்லுங்க."

தேரடித் தெரு அத்தர் கடையில் புருஷனின் தோள் துண்டை விரித்துப் போட்டுவிட்டு நின்றாள் தனம். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கிற கடைவீதியில். மானம் மரியாதை பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

புருஷன் பலராமன் ஜட்கா ஓட்டுகிறவன். ஸ்டேஷன் விட்டால் வீடு, வீடு விட்டால் ஸ்டேஷன் என்று இருந்த மனுஷன்தான். இப்போது திடீர் திடீரென்று ஈரத் தலையோடு வந்து நிற்கிறான். கேட்டால் வெயில் ஜாஸ்தி, குளத்தில் முழுக்குப் போட்டேன் என்கிறான். அலசிப் பிழிந்த துண்டிலும் இந்த வாசனை. எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சோறு இறங்கும்?

அவள் வயிற்றில் இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இதுவாவது கைக்கு வரவேண்டுமென்று அவள் வேண்டாத சாமியில்லை. அந்த நேரம் பார்த்து இப்படி ஓர் இடி.

மஸ்தான் பாய் துண்டை முகர்ந்தார். தன் கைக் கலவைதான் என்று ஒப்புக்கொண்டார். மல்லி அத்தர் மட்டும் என்றால் ஒரு அலசலில் பறந்துவிடும், அடியில் சந்தனக் கட்டை எண்ணெய் இருந்தால் அது பூவைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும் என்றார்.

"அப்ப சொல்லுங்க. அவளத் திட்ட மாட்டேன். கால்ல விழுந்து, என் புருஷன விட்டுடும்மான்னு கெஞ்சிட்டு வந்துடறேன்."

பாய்க்கே கண் கலங்கிவிட்டது. துண்டை மடித்து அவளிடம் நீட்டினார்.

"பொம்பளைக்கு இல்லம்மா. இந்த மலையடியில செத்தா மோட்சம்னு சாகணும்னே வர்ற பரதேசிங்க, சத்திரத்துல அனாதையா செத்துப் போறாங்கல்ல, அந்தப் பொணத்துக்குத் தெளிக்கக் குடுக்கறேன். தூக்க ஆளில்லன்னா உன் புருஷன்தான் தோள் குடுக்கறான். தங்கமான மனுஷன்."

துண்டை வாங்கப்போன கை அப்படியே வயிற்றுக்குப் போனது. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் பிணம் தூக்கினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாள். பலராமனுக்கும் தெரியும், தெரிந்துதான் மறைத்திருக்கிறான்.

தனம் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேற ஒருத்தியாவே இருந்திருக்கக் கூடாதா, பாய்?"