லீவு கேட்கும் காட்சி

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் ஆஷ்கோம் மாளிகையின் புகைபோக்கி பெயர்ந்து என் தலையில் விழட்டும்.

"ஒரே ஒரு மதியம் லீவு மேடம்," என்றாள் ஹெட்டி. தலையில் வெள்ளைத் தொப்பி, இடுப்பில் கஞ்சி போட்ட ஏப்ரன்.

"இன்னிக்கா? விளையாடறியா?" மாளிகையின் மேலாளர் மிஸஸ் ஹார்கிரீவ், சீமாட்டி வேஷத்துக்காக மூச்சைப் பிடித்துக் கச்சையை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக் காலைல அண்ணன் அம்மாவை ஸ்காட்லாந்துக்கே கூட்டிட்டுப் போயிடறான். முதியோர் இல்லத்துல எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

"நீ அம்மாவைப் பார்க்கப் போயிட்டா, அம்மாவைப் பார்க்க லீவு கேக்கற வேலைக்காரியா யாரு நடிக்கறது?"



அன்று அன்னையர் ஞாயிறு. விக்டோரியா காலத்தில் அது எப்படி நடந்ததோ அப்படியே, டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு மாளிகையில் நடித்துக் காட்டுகிறார்கள். வேலைக்காரப் பெண் லீவு கேட்பாள். சீமாட்டி மனம் இரங்கி, கையில் ஒரு கேக்கையும் கொடுத்து அனுப்புவாள். பெண் வழியில் வயலட் பூப் பறித்துக்கொண்டு அம்மாவிடம் போவாள்.

"எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரியும் இந்த ஒரு நாள் மட்டும் மாட்டேன்னு சொன்னதில்லை," என்று மிஸஸ் ஹார்கிரீவ் பார்வையாளர்களிடம் சொல்லும்போது அவளே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் காட்சியில் ஹெட்டி கேக்கோடு போய், வேலிச் செடிக்குப் பின்னால் ஒளிந்து, சமையலறை வழியாகத் திரும்பி வந்தாள்.

இரண்டாவது காட்சி. "போய் வா பெண்ணே, உன் தாய் வழி பார்த்திருப்பாள்," என்று சீமாட்டி கையை உயர்த்தினாள்.

ஹெட்டி வழியில் வயலட் பூவைப் பறித்துக்கொண்டு போனாள். வேலிச் செடி வந்தது. அவள் நிற்கவில்லை.

பார்வையாளர்கள் பின்னாலேயே நடந்தார்கள்.

"காட்சி வாசலுக்கு வெளியேயும் இருக்கா?"

"வாங்கின டிக்கெட் காசுக்கு இன்னும் ரெண்டு ஊர் தாண்டணும். பேசாம நட."

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸே வராத அந்தச் சாலையில் அன்று பஸ் வந்தது. நம்ப மாட்டீர்கள், வந்தது. ஹெட்டி ஏறினாள். மொத்தக் கூட்டமும் ஏறியது.

போய் இறங்கியது முதியோர் இல்லத்து வாசலில்; அந்த வட்டாரத்துக்கே இல்லம் அது ஒன்றுதான். கூடத்தில் மகளின் தொப்பியைப் பார்த்து அம்மா சிரித்தாள்.

"என்னடி கோலம் இது? எப்படி விட்டாங்க உன்னை?"

"நூறு பேர் பார்க்க, அவங்க வாயாலயே போகச் சொன்னாங்கம்மா."

அம்மா பூவை முகர்ந்தாள். ஹெட்டி அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். சுவரோரம் வரிசையாக நின்ற பார்வையாளர்களில் பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

வெளியே கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம். வளையம் வைத்த பாவாடையை ஒருக்களித்து வாசலில் நுழைத்துக்கொண்டு வந்தாள் மிஸஸ் ஹார்கிரீவ்.

"எழுந்திரு ஹெட்டி. அடுத்த காட்சிக்கு ஜனம் நிக்குது. இப்ப வரலைன்னா நாளையிலிருந்து வரவே வேண்டாம்."

"பெட்ரா?"

ஜன்னலோரத்து நாற்காலியிலிருந்து வந்தது குரல். ஒரு கிழவி ஊன்றுகோலைத் தேடி எழுந்தாள். மிஸஸ் ஹார்கிரீவ் வாசல் பக்கம் பின்வாங்கினாள்.

"என் பொண்ணு," என்று கிழவி கூட்டத்துக்குச் சொன்னாள். "வந்துட்டா பாருங்க."

இதுதான் கடைசிக் காட்சி போலிருக்கிறது என்று எல்லோரும் கைதட்டினார்கள். சீமாட்டிக்கு ஓட வழியில்லை. கிழவி மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"ரெண்டு வருஷமா லீவே தரமாட்டேங்கறா அந்த மேலாளர் ராட்சசின்னு போன்ல அழுவியே கண்ணு, கடைசியில அவளுக்கும் மனசு இரங்கிடுச்சா?"

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும், பஸ்ஸில் யாரோ என்று சொல்லிவிடுங்கள். நானும் அந்த இல்லத்தில்தான் இருக்கிறேன்.