அறைக்குள் சொன்னது

எல்டோரெட் நகர நீதிமன்றத்தில் ஒன்பது வயது நெகேசா யாரிடம் வளர்வது என்று வழக்கு. மனநல ஆலோசகர் மொராவிடம் அவளை வாரந்தோறும் அழைத்து வந்தவர் அப்பா வஃபூலா.

அம்மா நசிமியு ஒரே ஒருமுறை வந்தாள். கையில் தீக்காயக் கட்டு. "அந்தாளுகிட்ட பிள்ளையை விடாதீங்கன்னு ஜட்ஜுக்கு எழுதிக் கொடுங்க மேடம்!" என்று கத்தினாள்.

"நான் யார் பக்கமும் எழுத மாட்டேம்மா."

வஃபூலா எதுவும் கேட்டதில்லை. மகளுக்குத் தின்ன மண்டாசி வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருப்பார். நல்ல மனிதர் என்றே மொரா நினைத்தாள்.

ஐந்தாவது வாரம் நெகேசா வாய் திறந்தாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே ஆன்ட்டி?"

"இந்த ரூமை விட்டு வெளிய போகாது கண்ணு."

"அப்பாதான் அம்மாவ அடுப்புல தள்ளினாரு. நான் கதவு சந்துல பார்த்தேன்."

மொரா அதை அப்படியே எழுதி வைத்தாள்.

மறுவாரம் வஃபூலா நீதிமன்ற உத்தரவோடு வந்தார். குறிப்புகளின் நகலை இரு தரப்புக்கும் தர வேண்டுமாம். அப்படியொரு வாக்கைக் குழந்தைக்குக் கொடுத்திருக்கக் கூடாது என்பது மொராவுக்கு அப்போதுதான் உறைத்தது.

வஃபூலா நகலை வாங்கி, நின்றபடியே நிதானமாகப் படித்து முடித்தார். பிறகு, காரில் உட்கார்ந்திருந்த மகளுக்கு ஜன்னல் வழியே கையசைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்கிட்ட மூச்சே விடலை மேடம். அவ என்ன பார்த்தான்னு தெரிஞ்சுக்கத்தானே வாராவாரம் இங்க கூட்டிட்டு வந்தேன்."